அறுநூறு பேரின் தாகம்

ஸ்கேன் திரையில் குழந்தை இருந்தது. தண்ணீர் இல்லை.

டாக்டர் ஹபீபா செண்பகவல்லியின் வயிற்றில் நான்கு இடங்களில் கருவியை அழுத்தி, திரையில் தெரிந்த நான்கு கறுப்புத் திட்டுகளை அளந்து கூட்டினார். கூட்டிய பிறகு இன்னொரு முறை அளந்தார். செண்பகத்துக்கு அது பிடிக்கவில்லை. இருபத்தோரு வருடம் ஜவுளிக் கடையில் நின்றவள். இரண்டாம் முறை அளப்பது எப்போது என்று அவளுக்குத் தெரியும்.

“நாலரை சென்டிமீட்டர்,” என்றார் டாக்டர். “போன மாசம் ஏழு. இருபத்தேழாவது வாரத்துல பத்துக்கு மேல இருக்கணும்மா.”

“எது டாக்டர்?”

“பனிக்குட நீர். குழந்தை மிதக்கிற தண்ணி. அது எங்கேருந்து வருது தெரியுமா?”

“என்கிட்ட இருந்துதான?”

“ஆரம்பத்துல. இப்போ அது பெரும்பாலும் குழந்தையோட சிறுநீர்.”

செண்பகத்தின் முகம் சுருங்கியது. அறையிலிருந்த நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சொல்லை நகரத்தில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

“முகத்தைச் சுளிக்காதீங்க. நாம எல்லாரும் அதுலதான் மிதந்தோம். குழந்தை அதைக் குடிக்கும், வெளிய விடும், மறுபடி குடிக்கும். அதை உள்ள இழுத்து விட்டுத்தான் நுரையீரலே விரியும். தண்ணி வத்திப்போனா நுரையீரல் கசங்கின பை மாதிரி நின்னுடும். பொறந்ததும் மூச்சு விட முடியாது.”

“ஏன் போக மாட்டேங்குது?”

டாக்டர் திரையில் விரல் வைத்தார். முதுகெலும்பின் இரு பக்கமும் மொச்சைக் கொட்டை போல இரண்டு சிறுநீரகங்கள். கீழே சிறுநீர்ப்பை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

“சேர்த்து வைக்குது. உங்க ரத்தம் கெட்டியா இருக்கு. இனிமே தண்ணி கிடைக்காதுன்னு அதுக்குப் புரிஞ்சுபோச்சு. இருக்கறதை விடாம அடக்குது.”

ஆறரை மாதக் குழந்தை அடக்குகிறது. கல்யாணமாகிப் பதினோரு வருடம், மூன்று முறை கலைந்து நான்காவதாகத் தங்கிய கரு. கேட்டதும் செண்பகத்துக்கு முதலில் வந்தது பயமல்ல. வெட்கம்.

“மூணு லிட்டர். தினம். எப்படியாவது குடிங்க,” என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். நகரத்தில் யாருக்கும் இரண்டு டம்ளருக்கு மேல் கிடையாது.

நகரத்தில் கழிப்பறைகள் ஒழிந்து பன்னிரண்டு வருடமாகிறது. மீட்டி வந்த பிறகு அவை தேவைப்படவில்லை. கட்டைவிரல் பருமனுள்ள கருவி. இரண்டு சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் குழாய்கள் சிறுநீர்ப்பையில் வந்து சேரும் வாசலில் அது உட்கார்ந்திருக்கும். வருகிற நீரைச் சவ்வில் வடித்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். மிஞ்சிய யூரியாவும் உப்பும் சுண்டைக்காய் அளவு வில்லையாக இறுகிக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கசடு நிலையத்துக்குப் போய் எடுத்துவிட்டு வந்தால் போதும். ‘உங்கள் சிறுநீரகங்கள் தினமும் நூற்றெண்பது லிட்டர் வடிக்கின்றன. நூற்றெழுபத்தெட்டைத் தாமே மீட்டுக்கொள்கின்றன. மீதி இரண்டை எங்களிடம் விடுங்கள்’ என்றது விளம்பரம். அது பொய்யில்லை.

விளம்பரம் சொல்லாத ஒன்றும் உண்டு. தாகத்தையும் மீட்டிதான் ஆண்டது. ‘இயல்பளவு’ என்று ஓர் எண் அதனுள் இருந்தது. ஒரு நாளில் குடிக்கும் நீர் அந்த எண்ணுக்குக் கீழே போகாதவரை தாகம் என்கிற செய்தியை அது மூளைக்கு விடாது. எண்ணுக்கு மேலே குடித்தால், இது மிகை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லி வெளியே தள்ளிவிடும். நகரத்தின் இயல்பளவு நானூறு மில்லி. பங்கீட்டுக் குழாய்களில் தலைக்கு அவ்வளவுதான் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. தாகம் எடுத்தால்தானே?

செண்பகத்தின் கணவன் மாடசாமி பதினான்காம் எண் பங்கீட்டுக் குழாயில் வேலை பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் ஒரு கேனோடு வந்தான்.

“ஏதுங்க இது?”

“குழாய் அலசுததுக்குன்னு தினம் நூத்தம்பது லிட்டர் ஒதுக்குவான். அலசலைன்னா குழாய் ஒண்ணும் செத்துராது. நீ குடி.”

குடித்தாள். மூன்று டம்ளருக்கு மேல் தொண்டை மறுத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து போல, ஒன்றரை லிட்டர் குடித்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

பதினொன்றரை மணிக்கு, மூன்றாம் தளத்தில் முகூர்த்தப் புடவை விரித்துக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றில் ஏதோ முட்டியது. குழந்தை உதைக்கிறது என்று நினைத்தாள். இல்லை. ஊருக்கு முந்தியே கடையில் மீட்டி வைத்ததால், பதினாறு வருடமாக வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்த சிறுநீர்ப்பை. ஒரு டம்ளருக்கே அது நிரம்பிவிட்டது. கீழ்வாயைப் பூட்டிப் பிடிக்க வேண்டிய சுருக்குத்தசைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

‘வழிதல்’ என்று அதற்குப் பெயர். பொது இடத்தில் வழிந்தவர்களை மறுநாள் யாரும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

அவள் முகம் போன போக்கை எதிர் கவுன்ட்டரிலிருந்து ஆவுடைத்தங்கம் பார்த்தாள். செண்பகத்தோடு ஒரே நாளில் கடையில் சேர்ந்தவள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி.

“ஏட்டி, என்ன?”

“ஆவுடை… வருதுட்டி.”

“எது?” கேட்டவள் கண்ணை அகல விரித்தாள். “அய்யய்ய! ஓடு, ஓடு, படிக்கட்டுக்கு ஓடு. மணல் வாளி இருக்குல்லா!”

தீயணைப்புக்காகப் படிக்கட்டில் வரிசையாக மாட்டியிருந்த சிவப்பு வாளிகளில் ஒன்றைக் கீழே இறக்கி வைத்து, அரக்குப் பட்டுப் புடவையை அகலமாக விரித்துப் பிடித்து ஆவுடை மறைப்புக் கட்டினாள். யாரோ மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது. “சார், பார்டர் வெளிச்சத்துல பாக்கேன் சார்!” என்று உரக்கச் சொன்னாள்.

வாளி மேல் குந்தியபடி செண்பகம் அழுதாள். பாதி வெட்கம், பாதி சுகம்.

“அழாதட்டி. மீட்டி வைக்கதுக்கு முன்னால, ‘ஸ்டாக் பாத்துட்டு வாரேன்’னு சொல்லிட்டு ஒம்போதாம் மாடிக்கு ஓடுவோம்லா. மறந்துட்டியாக்கும்?”

“நாம எங்கட்டி ஓடுனோம்? அடக்கிட்டுல்லா நிப்போம்.”

ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். நாலு.

“குடிச்சேன் டாக்டர். சத்தியமா குடிச்சேன்.”

“தெரியும். நீங்க குடிச்சதையெல்லாம் மீட்டி மிகைன்னு சொல்லி வெளிய தள்ளியிருக்கு. உங்க ரத்தத்துல ஒரு சொட்டு கூடல.” டாக்டர் கையுறையைக் கழற்றினார். “கருவியை எடுக்கவும் முடியாது. பதினாறு வருஷத்துல சதையோட ஒட்டியிருக்கும், இந்த மாசத்துல கத்தி வைக்கக் கூடாது. இயல்பளவைத்தான் மாத்தணும். அது நீர்ப் பங்கீட்டு வாரியம் கையில இருக்கு. சீக்கிரம் போங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தாங்காது.”

வாரியத்தின் தலைமைப் பொறியாளர் இளஞ்சேரன், மெலிந்த, மரியாதையான மனிதர். டாக்டரின் கடிதத்தைப் படித்து முடித்து, ‘முடியாது’ என்று சொல்லும் முகத்தைத் தயார் செய்துகொண்டு, கருவி எண் கேட்டார்.

“நானூத்திப் பதினேழு.”

“முன்னால இருக்கிற எண்களையும் சொல்லுங்க.”

“முன்னால ஒண்ணுமில்ல சார். வெறும் நானூத்திப் பதினேழு.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “நீங்க அறுநூற்றுவர்ல ஒருத்தரா? அந்தப் பட்டுக் கடையா? உட்காருங்கம்மா, உட்காருங்க!”

செண்பகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். குரலில் கோயில் பிரசாதம் கொடுக்கிறவரின் பயபக்தி.

“மீட்டி கண்டுபிடிச்சப்போ ஒரு மனுஷ உடம்புக்கு உண்மையில எவ்வளவு தண்ணி போதும்னு எங்களுக்குத் தெரியாது. புத்தகத்துல ரெண்டு லிட்டர்னு போட்டிருந்தது. நாங்க நம்பல. உங்க கடையில அறுநூறு பேருக்கு வச்சு ஏழு நாள் அளந்தோம். சராசரி நானூறு மில்லி! நாள் முழுக்க நின்னு வேலை பார்க்கிற பெண்கள். ஒருத்தர் மயங்கல. ஒருத்தர் தாகம்னு வாய் திறக்கல. அந்த எண்ணை வச்சுத்தான் இந்த நகரம் நடக்குது. இன்னிக்கும் உங்க உடம்புதான் எங்களுக்கு அளவுகோல். அந்த அறுநூறுல இன்னும் அதே கருவியோட இருக்கறவங்க ஏழு நாள்ல குடிக்கறதோட சராசரியை ஒவ்வொரு விடியக்காலையும் எடுத்துக்கிட்டுத்தான் ஊர்ல இருக்கிற எல்லா மீட்டியும் இயங்குது.”

செண்பகம் அந்த ஏழு நாட்களை நினைத்துக்கொண்டாள்.

அப்போது அறுநூறு பேருக்கு ஒரே ஒரு கழிப்பறை. ஒன்பதாம் தளத்தில். லிஃப்டில் ஊழியர்கள் ஏறக் கூடாது. இறங்கி வர நேரமானால் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. அதனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லாப் பெண்களும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: குடித்தால்தானே போக வேண்டும். அந்த வருடம் விடுதிக்குத் தலைவி செண்பகம். கருவி வைத்த அன்று சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்று அவள்தான் சொன்னாள்: ‘ஏழு நாளைக்கு அளக்கப் போறானுவளாம். நெறைய குடிக்கவளைக் கண்டா, இவ அடிக்கடி போறவன்னு எழுதிருவானுவ. சோத்தோட ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர். அதுக்கு மேல எவளும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்.’

எவளும் தொடவில்லை.

“சார்,” என்றாள். “அது பொய்க் கணக்கு.”

சொன்னாள். பெஞ்சு, சிவப்புப் புள்ளி, ஒன்பதாம் தளம், எல்லாம். முடிந்ததும் இளஞ்சேரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அந்த எண்ணை நம்பி ரெண்டு ஏரியைத் தூர்த்திருக்கோம்மா,” என்றார். “இப்போ ஊர்ல இருக்கறதே தலைக்கு நானூறுதான். நாளைக்கே எல்லாருக்கும் ரெண்டு லிட்டர் வேணும்னா நான் எங்கே போவேன்? நீங்க சொன்னது இந்த ரூமைத் தாண்ட வேண்டாம்.”

“நான் ஊரைக் கேக்கலை சார். என் ஒருத்தி கருவியை மட்டும் மாத்திக் குடுங்க. என் பிள்ளை அடக்கிட்டுக் கெடக்கு.”

“ஒரு கருவியை மட்டும் மாத்த வழியே வைக்கல. வச்சா ஆளாளுக்கு வந்து நிப்பாங்கன்னுதான்…” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மன்னிச்சிருங்கம்மா.”

எழுந்தபோது திரையின் மூலையில் செண்பகம் ஒன்றைப் பார்த்தாள். ‘ஆதாரக் கருவிகள்: இயங்குபவை 74.’ எழுபத்துநாலு. அவர்களில் ஐம்பத்தொரு பேர் இன்னும் அதே கடையில் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியின் பெயரும் அவளுக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டு வேளையில், துணி மூட்டைகள் அடுக்கிய கிடங்கில், ஐம்பது பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து சொன்னதைக் கேட்டார்கள். முதலில் வாயைத் திறந்தது ஆவுடைதான்.

“ஆக, ஒன் பிள்ளை போகணும்னா நாங்க ஐம்பது பேரும் போகணும். இப்படி ஒரு வளைகாப்பு நான் கேள்விப்பட்டதில்லட்டி.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. அது அடங்கிய பிறகு சுடிதார் பிரிவு மரியபுஷ்பம் கேட்டாள்: “அந்தாளு சொன்னது உண்மைன்னா, நாம குடிச்சா ஊருக்கே தாகம் வரும்லாக்கா? தண்ணிக்கு எங்க போவாங்க?”

செண்பகம் வயிற்றில் கை வைத்தாள்.

“வரட்டும்,” என்றாள் ஆவுடை. “நமக்கு வரலையா?”

மறுநாளிலிருந்து மாடசாமி குழாய் அலச ஒதுக்கிய தண்ணீரைக் கடையின் சரக்கு வாசலில் கொண்டுவந்து இறக்கினான். ஆளுக்கு இரண்டு லிட்டர். குடிப்பது அவ்வளவு கஷ்டம் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதுப் பெண்கள், கைக்குழந்தைக்குப் புகட்டுவது போல ஒருத்திக்கு ஒருத்தி தலையைப் பிடித்துப் புகட்டினார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். குடித்தால் ஒன்பதாம் தளம் ஏற வேண்டுமே என்ற பழைய பயம் இன்னும் விடவில்லை. மூன்றாம் நாள் மரியபுஷ்பம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, தண்ணிக்கு ருசி இருக்கு!” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஒன்பது தளம், ஐம்பத்துநாலு மணல் வாளி. “ஸ்டாக் பாத்துட்டு வாரேன்” என்று நிமிடத்துக்கு ஒருத்தி படிக்கட்டுக்குப் போனாள். ஐந்தாம் நாள் தள மேலாளர் மூக்கைச் சுளித்துக்கொண்டே படி ஏறினார்.

“என்ன நாத்தம் இது?”

“பூனை சார்,” என்றாள் ஆவுடை. “கர்ப்பமா இருக்கு போல.”

ஒவ்வொரு விடியலிலும் சராசரி ஏறியது. ஐந்நூறு. எழுநூறு. ஆயிரம். அதை யாரும் அறிவிக்கவில்லை. மாடசாமிதான் முதலில் பார்த்தான்.

“இன்னிக்கு வாங்கிட்டுப் போனவங்க சாயந்தரம் திரும்ப வந்து நிக்காங்க,” என்றான். “ஏன் வந்தோம்னு அவங்களுக்கே தெரியல. சும்மா குழாயைப் பாத்துட்டு நிக்காங்க.”

இன்னொரு நாள்: “ஒரு கிழவனார் குழாய் வாயை நக்குதாரு புள்ள.”

செண்பகம் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தினம் மூன்று லிட்டர் குடித்தாள். இப்போது மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. உடம்பே கேட்டது.

பத்தாம் நாள் காலை, ஸ்கேன் அறை.

டாக்டர் ஹபீபா அளந்தார். ஒரே முறைதான் அளந்தார். “ஒன்பது.” திரையைத் திருப்பினார். “இதோ, கீழே பாருங்க.”

முன்பு வெறும் கோடாக இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சிறு மணி தெரிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லப் பெருத்தது. பிறகு சட்டென்று சுருங்கி மறைந்தது.

“போயிட்டான்,” என்றார் டாக்டர். “அல்லது போயிட்டா. சொல்லக் கூடாது.” சிரிக்க முயன்றார். உதடு வெடித்திருந்தது, வலித்தது போல நாக்கால் தடவிக்கொண்டார். “இன்னும் ரெண்டு வாரம் இப்படியே குடிச்சீங்கன்னா நுரையீரல் பிழைச்சுக்கும். ஒரு நாள்கூட விடக் கூடாது, தெரியுதா? எனக்கென்னவோ நாலஞ்சு நாளா உடம்பே சரியில்லம்மா. தொண்டையில மணல் போட்ட மாதிரி…”

“எனக்கும் டாக்டர்,” என்றாள் நர்ஸ். இருபது வயதுப் பெண். எட்டு வயதில் மீட்டி வைத்துக்கொண்டவள். தாகம் என்னவென்று அவளுக்கு ஞாபகமில்லை. “காய்ச்சலா இருக்குமோ?”

இருவரின் பார்வையும் செண்பகத்தின் பையில் நின்றது. பையிலிருந்து ஒரு பாட்டில் எட்டிப் பார்த்தது. அன்றைய முதல் லிட்டர்.

செண்பகம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடையின் இரு பக்கமும் பெஞ்சுகளில் கர்ப்பிணிகள். நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோர் கையிலும் அதே போன்ற ஸ்கேன் சீட்டு. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கைபேசி அடித்தது. மாடசாமி. அவன் குரலுக்குப் பின்னால் கடல் போல ஓர் இரைச்சல்.

“செண்பகம், ஸ்கேன் என்னாச்சு?”

“ஒம்போதுங்க. ஒம்போது வந்துட்டு!”

“அப்பாடி.” மூச்சு வாங்கினான். “கேளு. தண்ணி தீந்துட்டு. பதினாலு மட்டுமில்ல, எல்லாக் குழாயும். ஆயிரக்கணக்குல வந்து நிக்காங்க. ஷட்டரை இறக்கிட்டு உள்ள இருக்கேன். உடைக்காங்க… கையில எவ்வளவு வச்சிருக்க?”

“ஒரு பாட்டில்தாங்க.”

“குடிச்சிரு. அங்கயே குடிச்சிரு. யாருக்கும் குடுக்காத. பிள்ளைக்கு…”

தகரம் கிழியும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“அக்கா.” பக்கத்துப் பெஞ்சிலிருந்தவள் சத்தமற்ற குரலில், கெஞ்சலா கேள்வியா என்று தெரியாமல் கேட்டாள். சின்னப் பெண். எட்டு மாத வயிறு. “ஒரு வாய், அக்கா. எனக்கும் நாலுதான்னு சொல்லிட்டாங்க.”

செண்பகம் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். மூடியைத் திருகினாள். அந்தச் சத்தத்துக்கு நாற்பது தலைகள் திரும்பின.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரை. யாரும் அசையவில்லை. அவள் தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உதடு அசைய மிடறுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது அந்தச் சின்னப் பெண் எழுந்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள் எழுந்தாள். பிறகு அதற்கடுத்தவள்.